வக்கடையும் இலைவாயும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் கரையோர ஊர்கள், கிழக்கே கடலையும் மேற்கே வயலையும் எல்லையாகக் கொண்டவை. மேற்கே சம்மாந்துறைப் பக்கமாக விரிந்து செல்லும் வட்டைகளுக்குக் கல்லோயாவின் நீர் வாய்க்கால் வழியாக வந்து சேர்கின்றது. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இந்நீரோட்டத்தைப் பெருக்கிற்று; ஆயின் வயலுக்குள் நீர் பங்கிடப்படும் முறை அத்திட்டத்திற்கும் முற்பட்டது. வரம்பிலே மண்வெட்டியால் ஓர் இடைவெளி வெட்டப்படுகின்றது. அதனூடாக மேல் வயலின் நீர் கீழ் வயலுக்கு இறங்குகின்றது. இவ்விடைவெளியே வக்கடை எனப்படுவது. வக்கடையற்ற வரம்பு உறுதியானது போலத் தோன்றலாம். எனினும் அவ்வரம்பின் மேற்புறத்துப் பயிர் நீரில் அழுகும்; கீழ்ப்புறத்துப் பயிர் நீரின்றிக் கருகும். எனவே வக்கடை வரம்பின் குறைபாடன்று. திறக்க வேண்டிய இடத்தில் திறந்திருப்பதனாலேயே வரம்பு வரம்பாகின்றது.

நெல்லின் இலைக்கும் இதுவே விதி. இலை வாழ வேண்டுமாயின் அது திறந்திருத்தல் வேண்டும். திறந்திருக்குமாயின் வேண்டாததும் உட்புகும். நோய் விளைக்கும் பற்றீரியா இலையினுள் எவ்வாறு நுழைகின்றது என்பது தாவரவியலாருக்குரிய வினா என ஒதுக்கப்படுவதுண்டு. அவ்வினாவினுள் ஒழுக்கவியலாரின் பழைய வினாவொன்றும் அடங்கியிருக்கின்றது. ஒரு தீங்கு ஒரு வாயில் வழியாக வருமாயின் குற்றம் யாருடையது? வாயிலைக் கொண்டிருந்தவருடையதா, உட்புகுந்ததனுடையதா, அன்றி அதனை அவ்வாயில்வரை கொண்டுவந்து விட்டவருடையதா? கள்வனையும் வீட்டுக்காரனையும் வைத்து இவ்வினாவை ஆராய்வது எளிது. கள்வனுக்கு எண்ணம் உண்டு, அவனைக் கண்ணாற் காணவும் இயலும். எண்ணமும் இன்றிக் கண்ணுக்கும் புலப்படாத ஒன்று தீங்கிழைக்கும்போதே வினா உண்மையில் கடினமாகின்றது.

பெரும்போகத்திலே, வடகீழ்ப் பருவக்காற்று மழையோடு வீசும் நாட்களில், நெல்லிலையின் நுனியிலிருந்து விளிம்பு வழியே கீழ்நோக்கி அலையலையான மஞ்சட் கோடொன்று இறங்கும். சில நாட்களில் அது வைக்கோல் நிறமாக வெளிறிக் காய்ந்துவிடும். விடியற்காலையில் அவ்விளிம்பிலே பால் போலக் கலங்கிய சிறு துளிகள் காணப்படும். வெயில் ஏற அவை காய்ந்து மஞ்சள் மணிகளாக இறுகும். பற்றீரியா இலைக் கருகல் என வழங்கும் இந்நோயை 1884இல் யப்பானின் புக்குவோக்காப் பகுதி உழவர் முதன்முதலில் இனங்கண்டனர். மண்ணின் புளிப்புத் தன்மையே இதற்குக் காரணம் என அக்காலத்தில் நம்பப்பட்டது. கலங்கிய துளிகளினுள்ளே பற்றீரியா இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிய ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சென்றது. அதுவரையில் மண் பழி சுமந்தது. காரணம் புலப்படாதவிடத்து, பதில் பேச இயலாத ஒன்றின்மேற் பழியை ஏற்றுவது மனிதருக்கு எப்போதும் வசதியாகவே இருந்துள்ளது.

இலையின் வாயில்கள் இருவகை. முதலாவது, பாடசாலை மாணவரும் அறிந்த இலைவாய். இரண்டு காவற்கலங்களுக்கு இடையேயுள்ள இச்சிறு பிளவு திறக்கும்போது காபனீரொட்சைட்டு உட்செல்லும், நீராவி வெளியேறும். மூடும்போது இரண்டும் நின்றுவிடும். பகலில் திறப்பதும் இரவில் மூடுவதும் இதன் பொதுவான இயல்பு. இரண்டாவது வாயில் அத்துணை பேசப்படாதது. இலையின் நுனியிலும் விளிம்பிலும் அமைந்துள்ள நீர்த்துளைகளே அவை. இவையும் ஒருகாலத்தில் இலைவாய்களாக இருந்து திரிந்தவையே. ஆயின் திறந்து மூடும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்தவை. ஈரம் மிகுந்த இரவிலே வேர் உள்ளிழுக்கும் நீர் ஆவியாக வெளியேற வழியின்றி, இத்துளைகளினூடாகத் துளியாகக் கசிந்து விளிம்பில் நிற்கும். காலையில் உழவர் பனித்துளி எனக் கருதுவதில் ஒரு பகுதி பனியன்று, பயிரின் உள்ளிருந்து வந்த நீரேயாகும். அத்துளியில் விழுந்த பற்றீரியா தன் சவுக்குமுளையை அசைத்து நீந்தித் துளையை அடைகின்றது. வெயில் ஏறி இலை மீண்டும் ஆவியுயிர்க்கத் தொடங்கியதும் துளியின் ஒரு பகுதி உள்ளே இழுபடுகின்றது. அதனோடு பற்றீரியாவும் இழுபடலாம். அங்கிருந்து நீரைக் கடத்தும் காழினுட் சென்று பெருகி, அக்குழாய்களையே அடைத்துவிடுகின்றது. இதே இனத்தின் மற்றொரு வகை இலைவாயினூடாக நுழைந்து, காழைத் தொடாமற் கலங்களுக்கு இடையிலேயே தங்கி, இலையில் நீண்ட கோடுகளை உண்டாக்கும் வேறொரு நோயை விளைவிக்கின்றது. ஓரினத்தின் இருவகைகள் ஒரே இலையில் வெவ்வேறு வாயில்களைத் தேர்ந்துகொண்டிருப்பது வியப்புக்குரியதே.

இவ்விரண்டோடு காயமும் ஒரு வாயிலாகின்றது. நாற்று நடும் நாடுகளில் உயர்ந்த நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கம் இந்நோயைப் பரப்புவதாக அறியப்பட்டுள்ளது. கிழக்கிலே பெரிதும் விதைப்பே வழக்கமாதலின் அக்குறை இங்குக் குறைவு. காற்றில் இலையோடு இலை உரசி ஏற்படும் கீறல்களே இங்குப் போதுமானவை.

இலை இவற்றையெல்லாம் வாளாவிருந்து ஏற்றுக்கொள்கின்றதா? நெடுங்காலம் அவ்வாறே எண்ணப்பட்டது. 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெலோட்டோ, ஹீ ஆகியோரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மாற்றியது. கடுகுக் குடும்பச் செடியொன்றின் இலைமீது பற்றீரியா பட்டதும், காவற்கலங்கள் அதனை உணர்ந்து இலைவாயை மூடிக்கொள்வதை அவர்கள் கண்டனர். வாயில் தானே காவலுமாக இருந்தது. ஆயின் சில மணி நேரத்தில் நோய்ப் பற்றீரியா கொரோனற்றைன் என்னும் நஞ்சைச் சுரந்தது. அந்நஞ்சு செடியின் சொந்த ஓமோன் ஒன்றைப் போன்ற உருவுடையது. செடி தன் கட்டளையே எனக் கருதி, மூடிய வாயை மீளத் திறந்துவிட்டது. நெல்லிலே நிகழ்வது இதனினும் நுட்பமானது. இலைக் கருகற் பற்றீரியா தன் புரதமொன்றை நெல்லின் கலத்தினுட் செலுத்த, அது நெல்லின் பரம்பரையலகொன்றை இயக்கிவிடுகின்றது. அப்பரம்பரையலகு வெல்லத்தைக் கலத்தின் வெளியே அனுப்பும் வாயிலை ஆக்குவது. பயிர் தானே உழைத்துத் தேடிய உணவைத் தன் கையாலேயே பகைக்கு எடுத்து வைக்கின்றது எனலாம்.

இச்செய்தியை அறிந்த பின்னரும் இலையைக் குற்றம் கூறுவார் எவருமிலர். அது வாழ்வதற்காகத் திறந்தது. ஐயம் எழுந்தபோது மூடியது. ஏமாற்றப்பட்டே மீளத் திறந்தது. எனினும் மனிதரிடையே தீர்ப்பு வழங்கும்போது இந்த நியாயம் மறக்கப்படுகின்றது. நம்பிப் பணம் கொடுத்து இழந்தவனிடம் "நீ ஏன் நம்பினாய்" என்று கேட்பதும், கெடுதிக்கு ஆளான பெண்ணிடம் "நீ ஏன் அவ்வழியே சென்றாய்" என்று கேட்பதும் ஊர்தோறும் உள்ள வழக்கங்கள். நம்பிக்கையும் வெளிச்செல்லலும் மனித வாழ்வின் இலைவாய்கள் என்பதைக் கேட்பவர் எண்ணிப்பார்ப்பதில்லை. அவ்வாய்களை என்றும் மூடி வைத்திருப்பவனுக்குத் தீங்கு நேராதிருக்கலாம். ஆயின் இலைவாயை என்றும் மூடி வைத்த செடிக்கு ஒளித்தொகுப்பு இல்லை. அது நோயினாலன்றிப் பசியினாலேயே மடியும்.

நெல்லைக் காக்க முயன்ற அறிவியலாரும் வாயிலை அடைக்கும் வழியை நாடவில்லை என்பது கருதத்தக்கது. ஆபிரிக்கக் காட்டு நெல்லினம் ஒன்றிலிருந்து பெறப்பட்டதும், 1995இல் அமெரிக்காவில் பமெலா ரொனால்டின் ஆய்வுகூடத்திற் பிரித்தெடுக்கப்பட்டதுமான பரம்பரையலகொன்று, பற்றீரியா வந்திருப்பதை அறிந்துகொள்ளும் புரதத்தை ஆக்குகின்றது. வேறு சில நெல்வகைகளின் எதிர்ப்பு இதனினும் எளிமையானது. பகைவனின் புரதம் வந்து பற்றிக்கொள்ளும் இடம் அவற்றின் பரம்பரையலகில் சற்றே மாறியிருக்கின்றது. வெல்லத்தை வெளியே விடுமாறு இடப்படும் பொய்க் கட்டளை அங்குச் செல்லுபடியாவதில்லை. வாயில் முன்போலவே திறந்திருக்கின்றது. வருவோனை அறியும் ஆற்றலும் பொய்க் கட்டளைக்குப் பணியாமையுமே மாறியுள்ளன.

இனி, உட்புகுந்ததே குற்றவாளி எனலாமா என்பது அடுத்து எழும் வினா. நுழைதல் என்னும் செயல் அளவில் குற்றமிருக்குமாயின், வயல் நீரில் மிதக்கும் அசோலா என்னும் சிறு பன்னத்தின் நிலையை விளக்க முடியாது போகும். அதன் ஒவ்வோர் இலையின் மேல்மடலிலும் ஒரு குழி உண்டு. அக்குழியினுள் சயனோபற்றீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் வடிவிற்கு மாற்றித் தருகின்றது. பன்னம் வித்தி விடும்போது அக்குடியிருப்பாளரும் உடன் சென்று அடுத்த தலைமுறையிலும் இடம்பெறுகின்றனர். வியட்நாமிலும் சீனத்திலும் உழவர் அசோலாவை நெல்வயலுக்குப் பசளையாக நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையில் விளையும் கரும்பினது இனத்திலும், உடலினுள்ளேயே வாழ்ந்து நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாவைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் 1988இல் கண்டு வெளியிட்டனர். எல்லாவற்றிலும் பெரிய சான்று இலையின் பச்சை நிறமே. பச்சையவுருமணிகள் பழங்காலத்திற் கலத்தினுட் புகுந்து தங்கிவிட்ட சயனோபற்றீரியாவின் வழிவந்தவை என்னும் கருத்தை மெரெஸ்கோவ்ஸ்கி 1905இலேயே முன்வைத்தார்; 1967இல் லின் மார்குலிஸ் அதனைப் புதுப்பித்தார்; இன்று அது நிலைபெற்ற கொள்கை. அன்று அந்நுழைவு தடுக்கப்பட்டிருப்பின் இன்று இலையுமில்லை, நெல்லுமில்லை, சோறுமில்லை.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் உட்பகைக்கு ஓர் அதிகாரமும் உண்டு. வருவோரை வரவேற்கச் சொன்னவரே உள்ளிருந்து அறுப்போரை அஞ்சவும் சொன்னது முரண்பாடன்று. இரண்டிடத்தும் அவர் கருதியது வந்தவரின் நடத்தையே, வந்தார் என்பதையன்று.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. கிருமியைக் கொண்டு மனிதரை விளக்குவது ஆபத்தான உவமை. சென்ற நூற்றாண்டில் ஜெர்மனியின் நாசிகள் ஓரினத்தைக் கிருமி என்று அழைத்தே அதனை அழிக்கத் துணிந்தனர். மூவின மக்களும் ஒரே நீரைப் பங்கிட்டு வாழும் அம்பாறை மாவட்டத்தில் "ஊடுருவல்", "பரவல்" முதலிய சொற்கள் அண்டை ஊராரைக் குறிக்கப் பயன்படுமாயின் அவற்றின் நஞ்சு பற்றீரியாவின் நஞ்சினும் கொடிது. கிருமி பற்றிய அறிவே பழி சுமத்தும் கருவியாவதும் உண்டு. 2020 ஏப்பிரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொரோனாத் தொற்றினால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்படவேண்டுமென விதித்தது. புதைக்கப்படும் உடலிலிருந்து வைரசு நிலத்தடி நீரிற் கலக்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. உடலை எரித்தல் முஸ்லிம்களின் மார்க்கத்திற்கு முற்றிலும் மாறானதாதலின், அம்மாதங்களில் தம் இறந்தோரை அவர்களால் முறைப்படி அடக்க இயலவில்லை. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டு, மார்ச்சு மாதத்தில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. நெல்லின் நோய்க்குப் பழியை மண்ணிலிருந்து பற்றீரியாவுக்கு மாற்றியவர்கள் துளியை எடுத்து ஆராய்ந்து காட்டினார்கள். தீங்கு இவ்வழியே வந்தது என்று சொல்பவர் அவ்வழியைக் காட்டக் கடமைப்பட்டவர். காட்டும்வரை அவர் வாய் மூடியிருப்பதே நியாயம்.

எஞ்சி நிற்பது மூன்றாமவரின் பொறுப்பு. நோய் கண்ட மேல் வயலின் நீர் வக்கடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும்போது நோயும் இறங்குகின்றது. நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடலாகாது என விவசாய அறிவுரைகள் கூறுவதும் இதனாலேயே. இங்கே மேல் வயற்காரர் எந்த அளவுக்குக் குற்றவாளி?

கட்டாக்காலி மாடு பயிரை மேய்ந்தால் வழக்கு எளிது. மாட்டுக்கு உரிமையாளர் உண்டு. இவ்வழக்கு மிகப் பழையது. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவிலே மற்றொருவரின் விளைநிலத்திற் புகுந்து மேய்ந்த வழக்கில் தாவூத் நபியும் (அலை) சுலைமான் நபியும் (அலை) தீர்ப்பளித்த செய்தி அல்குர்ஆனின் அல்-அன்பியா அத்தியாயத்தில் வருகின்றது. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடுமாறு தந்தை தீர்ப்பளித்தார் என்றும், நிலம் பழைய நிலைக்கு வரும்வரை மந்தைக்காரர் அதனைப் பண்படுத்த, அதுவரை ஆடுகளின் பயனை நிலத்துக்காரர் பெறட்டும் என மைந்தர் கூறினார் என்றும் விரிவுரையாளர் விளக்குவர். தோட்டத்தைப் பகலிற் காப்பது தோட்டக்காரரின் கடமை, கால்நடையை இரவிற் காப்பது அதன் உரிமையாளரின் கடமை என்னும் தீர்ப்பும் நபிமொழித் தொகுப்புகளிற் பதிவாகியுள்ளது. காண இயலும் நேரத்தில் காண வேண்டியவர் ஒருவர். காண இயலா நேரத்திற் கட்டிவைக்க வேண்டியவர் மற்றொருவர். கட்டிவைக்கக் கூடியவரிடமே பொறுப்பு செல்கின்றது.

பற்றீரியாவோ எப்போதும் இரவில் நடமாடும் மந்தை. அதற்கு உரிமையாளர் இல்லை. ஆயின் அது கடந்து செல்லும் வக்கடைக்கு உரிமையாளர் உண்டு. அறியாமையாற் செய்ததற்கும் அறிய முயலாமையாற் செய்ததற்கும் வேறுபாடு உண்டென அரிஸ்டோட்டில் தம் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் நூலில் எடுத்துரைத்தார். 1884இல் ஒரு யப்பானிய உழவர் தம் நீரை அயல் வயலுக்கு விட்டிருந்தால் அவர்மேற் குற்றமில்லை. மஞ்சட் கோட்டைக் கண்டும், அது என்னவென்று அறிந்தும், அடுத்த வயற்காரருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் வீடு திரும்பும் இன்றைய உழவரின் நிலை அதுவன்று.

இவ்வாறு கூறிவிடுவது எளிது. வயலிலே நிலைமை சிக்கலானது. வக்கடையை அடைத்தால் நோய் நிற்கும், நீரும் நிற்கும். சிறுபோகத்தில் நீர் குறுகிவரும் வாரத்தில் மேலவர் வக்கடையை அடைத்தால், நோயிலிருந்து காப்பதாகச் சொல்லிக் கீழவரின் பயிரைத் தாகத்தாற் கொன்றவராவார். திறந்து விட்டால் நீரோடு நோயையும் கொடுத்தவராவார். எதனைச் செய்தாலும் பிறர் பயிர்மேல் அவர் கை படுகின்றது. அப்பயிருக்கு நோய் மேலதா தாகம் மேலதா என்று தெரிந்தெடுக்கும் உரிமை கீழவருக்கே உரியது. தெரிந்தெடுப்பதற்கு அவர் அறிந்திருத்தல் வேண்டும். எனவே அடைப்பதா திறப்பதா என்பதற்கு முன்னரே சொல்லுதல் என்னும் கடமை வந்துவிடுகின்றது.

சொல்லுதற்கும் விலையுண்டு. நோய் தம் வயலிலிருந்தே வந்தது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டவரை வட்டை முழுவதும் பல போகங்களுக்கு நினைவில் வைத்திருக்கும். குத்தகைக்குச் செய்பவராயின் அடுத்த போகம் காணி கிடைக்குமா என்ற அச்சமும் சேரும். யூரியாவை மிகுதியாக இட்டால் இந்நோய் கடுமையாகும் என்பது அறியப்பட்ட உண்மை; ஆயின் குத்தகையையும் கடனையும் ஒரே அறுவடையில் தீர்க்க வேண்டியவர் பசளையைக் குறைக்கத் துணிவதில்லை. காணிக்காரர் நகரத்திலிருந்து குத்தகை நெல்லை மட்டும் எண்ணுபவராயின், வக்கடையருகே நிற்கும் ஏழையை மட்டும் குற்றவாளியாக்குவது நேர்மையாகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இப்பற்றீரியா அறுவடைத் தாளிலும் வரம்போரப் புற்களிலும் தங்கியிருக்க வல்லது. மழைக்காற்றிலும் பறந்து வரும். ஆதலின் கீழ் வயலின் நோய் மேல் வயலிலிருந்தே வந்தது என்று ஒருவராலும் நிறுவ முடியாது. மாட்டின் குளம்படியைக் காட்டி நட்டம் கேட்பது போல இங்கு நட்டம் கேட்க இயலாது. வழக்கு மன்றம் ஏறாத கடமை இது. அதனாலேயே பலர் இதனைக் கடமையென்று எண்ணுவதுமில்லை.

சுலைமான் நபியின் தீர்ப்பு இவ்விடத்திற்கே அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகின்றது. அதில் தண்டனை முதன்மை பெறவில்லை. கெட்ட நிலம் மீள விளைவதே முதன்மை பெற்றது. நோய் யாரிடமிருந்து வந்தது என்று நிறுவாமலேயே, அடுத்த போகத்திற்கு நோயற்ற விதைநெல்லையும் எதிர்ப்பாற்றலுள்ள வகையையும் இருவரும் சேர்ந்து தேடுதல் கூடும். தாளையும் வரம்புப் புல்லையும் ஒரே நாளில் அழித்தல் கூடும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே நீர் விடும் நாளும், விதைக்கும் நாளும், மாடுகளை அப்புறப்படுத்த வேண்டிய நாளும் முடிவாகின்றன. மாட்டுக்கு நாள் குறிக்கும் அக்கூட்டத்திலேயே, இலையில் நோய் கண்டவர் வட்டை விதானையிடமும் கீழ் வயற்காரரிடமும் அன்றைக்கே சொல்லவேண்டும், சொன்னவரைப் பழித்தல் கூடாது என்னும் முடிவையும் எடுக்கலாம்.

சொல்வதற்கு வேண்டிய சான்றும் எளிதிற் கிடைக்கும். நோயுற்ற இலையின் வெளிறிய பகுதியைக் குறுக்கே வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து மெல்லிய பால்நூல் போல ஒன்று நீரினுள் இறங்குவதைக் காணலாம். அது பற்றீரியாவின் பெருங்கூட்டம். அதனைக் காண நுணுக்குக்காட்டி வேண்டியதில்லை. வரம்பிலே அமர்ந்திருக்கும் இருவர் ஒரே குவளையில் ஒன்றாகவே பார்த்துவிடலாம்.